புதிய யந்திரமும் பழைய மென்பொருளும்

தென்காசியையும் குற்றாலத்தையும் சுற்றியுள்ள சிறிய வட்டாரத்திற்குள் கணினித் தொழிலின் இரண்டு காலங்கள் இன்று அக்கம்பக்கமாக வாழ்ந்துவருகின்றன. ஸோஹோ நிறுவனம் 2011ஆம் ஆண்டு முதல் இவ்வட்டாரத்தில் நடத்திவரும் காரியாலயத்தில், மத்தளம்பாறைக் கிராமத்தில் இருந்தபடியே, உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் பிரவுசர் ஒன்றைத் திறந்த மாத்திரத்தில் உபயோகிக்கத்தக்க மென்பொருள்களை இளைஞர்கள் எழுதுகிறார்கள். அங்கிருந்து சில மைல் தூரத்தில், கடைத்தெருவின் அச்சகங்களிலும் டி.டி.பி. கடைகளிலும் மண்டிகளிலும், இருபது இருபத்தைந்து வருஷங்களுக்கு முன்பு வாங்கிய மென்பொருளைப் புதிதாக வாங்கிய கணினியில் எப்படியாவது ஓடவைக்க வேண்டுமே என்ற கவலை, யந்திரம் பழுதாகும் ஒவ்வொரு தடவையும் தலைதூக்குகிறது. முதலாவதைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதியிருக்கின்றன. இரண்டாவதோ, தமிழில் அச்சான பல ஆயிரம் பக்கங்களின் கதியை நிர்ணயிக்கும் விஷயமாக இருந்தும், ரிப்பேர்க்காரருக்கும் கடைக்காரருக்கும் இடையே நடக்கும் பேச்சாகவே நின்றுவிட்டது. அதை முழுவதுமாக எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தக் கவலை இப்போது முற்றியிருப்பதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடும் ஆதரவை நிறுத்திய மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவையும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அதற்கு அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லாத யந்திரங்களைத் தனக்கு உரியவையாக ஏற்பதில்லை. ஆகவே பழைய கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் புதியது வாங்கவேண்டிய நிர்ப்பந்தம் நேர்கிறது. அதைக் காட்டிலும் முக்கியமான சங்கதி, விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பு என்பதே கிடையாது என்பதுதான். விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்து நிரல்களைத் துணை எதுவுமின்றி நேராக ஓட்டவல்ல கடைசி விண்டோஸ், விண்டோஸ் 10இன் 32 பிட் பதிப்பே. அதுவும் போனபின், நாற்பது வருஷங்களாக அறுபடாமல் வந்த ஒரு தொடர்ச்சி அற்றுப்போகிறது.

பழைய நிரல் புதிய இயங்குதளத்தில் ஏன் ஓடுவதில்லை என்பதை நம் ஊர் ரயில் பாதையைக் கொண்டே விளக்கலாம். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் செல்லும் மீட்டர்கேஜ் பாதை 1904இல் திறக்கப்பட்டது. அகலப்பாதையாக மாற்றும் வேலை முடிந்து முழுவதும் திறக்கப்பட்டது 2018இல். பழைய பெட்டியின் பலகையும் இருக்கையும் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதன் சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலம் புதிய தண்டவாளத்துக்குப் பொருந்தாது. அப்போது செய்யத்தக்கவை மூன்றே: பெட்டிக்குப் புதுச் சக்கரம் மாட்டலாம், பெட்டியை அப்படியே தூக்கி ஓர் அகலப்பாதை வண்டியின்மேல் ஏற்றிச் செல்லலாம், அல்லது பிரயாணிகளை இறக்கி வேறு பெட்டியில் உட்காரவைக்கலாம். மென்பொருளிலும், நிரலைத் திருத்தி எழுதுவது, பழைய யந்திரத்தைப் புதியதற்குள் உருவாக்கி அதில் ஓட்டுவது, உள்ளிருக்கும் தகவலை வெளியே எடுத்துவிடுவது என்ற இம்மூன்று வழிகளுக்கு அப்பால் நான்காவது இல்லை.

பொருந்தாமைக்குரிய காரணங்கள் பல. அவற்றில் தலையானது பிராசஸரின் இயல்பிலேயே இருக்கிறது. டாஸும் விண்டோஸ் 3.1உம் 16 பிட் நிரல்களின் காலத்தவை. 1993இல் விண்டோஸ் என்.டி. வெளிவந்தபோது, அந்த நிரல்களை ஒரு பழைய யந்திரத்தில் இருப்பதாக நம்பவைக்கும் ஏற்பாடு ஒன்றை அதில் சேர்த்திருந்தார்கள். பிராசஸரின் பிரத்தியேகமான ஒரு நிலையை ஆதாரமாகக் கொண்டது அந்த ஏற்பாடு. 64 பிட் முறையில் ஓடும்போது பிராசஸரில் அந்த நிலை இல்லாது போய்விடுகிறபடியால், 64 பிட் விண்டோஸில் அந்த ஏற்பாட்டைச் சேர்க்கவே இல்லை. இதில் விசித்திரமான ஒரு துன்பமும் உண்டு: 32 பிட்டில் எழுதப்பட்டு, இன்றும் ஓடக்கூடிய நிரல்கள் பலவற்றின் நிறுவு நிரல் மட்டும் 16 பிட்டில் எழுதப்பட்டிருந்தது. வீட்டுக்குள் போனால் வசிக்கலாம், ஆனால் வாசற்கதவு திறக்காது என்ற நிலை. குறுந்தகட்டைப் போட்டவுடன் யந்திரம் மறுத்துவிட்டதென்று கைவிடப்பட்ட மென்பொருள்களில் இவ்வகைப்பட்டவை அநேகம்.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய நிரல் பிரிண்டரையும் கீபோர்டையும் தானே நேரில் தொட்டுப் பழகியது. புதிய இயங்குதளம் நடுவில் நின்று அதைத் தடுக்கிறது. பழைய நிரல் தன் கணக்குகளைத் தான் நிறுவப்பட்ட ஃபோல்டரிலேயே எழுதிவைக்கும்; 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா முதல் அந்த இடத்தில் எழுதும் அதிகாரம் சாதாரண நிரலுக்கு இல்லை, ஆகவே கோப்பு ரகசியமாக வேறோர் இடத்துக்குத் திருப்பிவிடப்பட்டு, கடைக்காரர் பிரதியெடுக்கப் போகும்போது கணக்கே காணாமற்போனதுபோல் தோன்றுகிறது. சில நிரல்கள் இயங்குதளத்தின் பதிப்பு எண்ணைக் கேட்டு, தாம் எதிர்பார்த்த எண் வராவிட்டால் பிடிவாதமாக நின்றுவிடும். இப்படிப்பட்டவற்றுக்காகவே விண்டோஸில் பழைய பதிப்பைப்போல் நடந்துகொள்ளும் அமைப்பு ஒன்று இருக்கிறது. நிரலின் பண்புகள் பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், கேட்ட கேள்விக்கு நிரல் விரும்பும் பதிலையே இயங்குதளம் கொடுக்கும். எளிய பிணிகளுக்கு இதுவே போதுமான ஔஷதம். முதலில் இதைச் செய்துபாராமல் பெரிய சிகிச்சைக்குப் போவது காலவிரயம்.

பழையதைக் காப்பாற்றுவது யாருடைய கடமை என்ற கேள்விக்கு, உலகத்து நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று மாறான பதில்களைத் தந்திருக்கின்றன. ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் சிஸ்டம் 360 என்ற யந்திரக் குடும்பத்தை வெளியிட்டபோது, தன் முந்தைய 1401 யந்திரத்துக்கு எழுதிய நிரல்களும் அதில் ஓடும்படி செய்தது. வாடிக்கையாளர் பல வருஷ உழைப்பை இழக்க நேர்ந்தால் புதிய யந்திரத்தை வாங்கமாட்டார் என்பதை அந்நிறுவனம் தெளிவாக உணர்ந்திருந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் வெகுகாலம் இந்தக் கொள்கையையே பின்பற்றியது. விண்டோஸ் 95ஐத் தயாரித்தபோது, சிம்சிட்டி என்ற விளையாட்டு, தான் விடுவித்துவிட்ட நினைவகத்தையே மறுபடி படிக்கும் பிழையுடையது என்று கண்டு, அந்த ஒரு விளையாட்டு ஓடும்போது மட்டும் நினைவகத்தை உடனே திரும்பப் பெறாதபடி இயங்குதளத்தையே திருத்தினார்கள். பிழை விளையாட்டினுடையது, பிராயச்சித்தம் செய்தது இயங்குதளம். ஆப்பிள் நிறுவனத்தின் மார்க்கம் வேறு: மாற்றத்தின்போது சில வருஷங்களுக்கு ஒரு பாலம் போடுவது, பிறகு அதை அகற்றிவிடுவது. அப்படி 2006இல் வந்த ரொஸெட்டா என்ற பாலம் 2011இல் போயிற்று. 2019இல் 32 பிட் நிரல்கள் யாவும் ஒரே நாளில் விலக்கப்பட்டன. லினக்ஸின் கருவில், பயன்படுத்துவோரின் நிரல் உடையும்படி மாற்றம் செய்யலாகாது என்ற விதி கண்டிப்பாக அனுசரிக்கப்படுகிறது. ஆனால் அதைச் சுற்றியுள்ள நூலகங்களுக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. இவற்றுள் ஐ.பி.எம். மார்க்கமே நியாயமானது என்பது என் அபிப்பிராயம். ஒரு சிறு வியாபாரி மென்பொருள் வாங்குவது ஆபரணம் வாங்குவதுபோல் அல்ல. தன் தொழிலின் நினைவு முழுவதையும் அதனிடம் ஒப்படைக்கிறார்.

இனி வழிகளைப் பார்ப்போம். டாஸ் நிரல்களுக்கு இன்று அதிகமாக உபயோகத்தில் இருப்பது டாஸ்பாக்ஸ். இது 2002ஆம் ஆண்டில் பழைய விளையாட்டுகளுக்காகத் தொடங்கப்பட்ட இலவச மென்பொருள். பழைய பிராசஸரையும் திரையையும் ஒலி அட்டையையும் மென்பொருளாலேயே பாவனை செய்து காட்டுகிறது. இவ்விதம் ஒரு யந்திரத்தை மற்றொன்றுக்குள் பாவனை செய்யும் மென்பொருளை எமுலேட்டர் என்கிறார்கள். கணக்கு நிரல்களுக்கு டாஸ்பாக்ஸ் அவ்வளவு உசிதமல்ல. விளையாட்டுக்குப் பிரிண்டர் வேண்டியதில்லை. மண்டிக்காரருக்கோ கார்பன் வைத்து மூன்று பிரதி எடுக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இல்லாமல் ஒரு காரியமும் ஆகாது. அதனால் வியாபார நிரல்களை மனத்தில் கொண்டு வீடாஸ் என்பது தனியே செய்யப்பட்டது.

விண்டோஸ் காலத்து நிரல்களுக்கு ஏற்றது வர்ச்சுவல் மெஷின். 1999இல் விஎம்வேர் நிறுவனம் சாதாரணக் கணினிகளுக்கும் இதைக் கொண்டுவந்தது. இலவசமாகக் கிடைக்கும் வர்ச்சுவல்பாக்ஸ் 2007இல் வந்தது. புதிய கணினிக்குள் ஒரு ஜன்னலில் விண்டோஸ் எக்ஸ்பி முழுவதையும் நிறுவி, அதற்குள் பழைய மென்பொருளை ஓட்டலாம். ஒரு தடவை சரியாக அமைத்துவிட்டால் அந்த முழு யந்திரமும் ஒரு கோப்பாகிவிடுகிறபடியால், பிரதியெடுத்து வைத்துக்கொண்டு அடுத்த கணினிக்கும் எடுத்துச் செல்லலாம் என்பது இதன் பெரிய சௌகரியம். ஆனால் அந்த எக்ஸ்பியை இணையத்தோடு இணைக்கவே கூடாது. 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற நச்சுநிரல் உலகமெங்கும் பரவியபோது, ஆதரவு முடிந்து மூன்று வருஷங்கள் ஆன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. அத்தகைய கருணை ஒவ்வொரு முறையும் கிடைக்கும் என்று எண்ணுவதற்கில்லை. 1993இல் ஆரம்பித்த வைன் என்ற திட்டம் லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டுகிறது. அதன் கிளையொன்று 64 பிட் விண்டோஸிலேயே 16 பிட் விண்டோஸ் நிரல்களை ஓட்டவும் உதவுகிறது.

பழைய கணினியையே பாதுகாத்து வைத்துக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று சாரலைக் கொண்டுவந்து கொட்டுகிற இந்தப் பிரதேசத்தில் அது நீடிக்கத்தக்க உபாயமல்ல. ஆனி ஆடி மாதங்களின் ஈரக்காற்றில் ஃப்ளாப்பியும் குறுந்தகடும் பூஞ்சணம் பிடிக்கின்றன, இணைப்புகள் களிம்பேறுகின்றன. மதர்போர்டில் உள்ள சிறு பாட்டரி தீர்ந்துபோனால் தேதி பின்னோக்கிப் போய்விடும். அதைக் கவனியாமல் பில் போட்டால் கணக்கு முழுதும் வேறு வருஷத்தில் ஏறிவிடும். உதிரிபாகங்களோ பழைய சாமான் கடையில் தவிர வேறெங்கும் கிடையா.

எல்லாப் பழைய மென்பொருளையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் 1990களின் தொடக்கத்தில் வந்த டர்போ சி++ தொகுப்பியை, 64 பிட் விண்டோஸில் டாஸ்பாக்ஸின் துணைகொண்டு ஓட்டி, அந்த நீலத்திரையிலேயே மாணவர்களுக்கு நிரலெழுதக் கற்பித்துவந்திருக்கிறார்கள். அந்த மொழிக்கு 1998இலேயே சர்வதேசத் தரம் ஏற்பட்டுவிட்டது. அதற்கு முந்திய தொகுப்பியில் பழகிய மாணவன், வேலைக்குப் போன இடத்தில் கற்றதை மறந்துவிட்டு மறுபடி தொடங்கவேண்டியிருக்கிறது. இலவசமாகவும் செம்மையாகவும் புதிய தொகுப்பிகள் கிடைக்கும்போது, பாடத்திட்டத்தை மாற்றும் சிரமத்துக்காகப் பழையதைக் கட்டிக்கொண்டிருப்பது மாணவர்களுக்கு இழைக்கும் அநியாயம். பழைய நிரலுக்குள் வேறெங்கும் இல்லாத தகவல் பொதிந்திருக்கிறதா என்பதே இவ்விஷயத்தில் கேட்கவேண்டிய கேள்வி. டர்போ சி++க்குள் அப்படி ஒன்றும் இல்லை.

கணக்கு நிரல்களுக்குள் இருக்கிறது. டாஸ் காலத்தில் நம் பக்கத்துக் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் கூட்டுறவு ஸ்தாபனங்களுக்கும் உள்ளூர் நிரலாளர்கள் எழுதிக்கொடுத்தவற்றில் பெரும்பாலானவை ஃபாக்ஸ்புரோ, டிபேஸ் என்ற தகவல்தள மென்பொருள்களில் எழுதப்பட்டவை. இவற்றுக்கு நேர்ந்த சங்கடங்களில் ஒன்று கேட்கவே ஆச்சரியமானது. ஃபாக்ஸ்புரோவின் 2ஆம் பதிப்பு வரிசை, தொடங்கும்போது யந்திரத்தின் வேகத்தை அளந்தறிய ஒரு சுழற்சியை ஓட்டி, அதற்கு எடுத்த நேரத்தால் வகுத்துப் பார்க்கும். பிராசஸர்கள் வேகமாக வளர்ந்தபோது அந்த நேரம் பூஜ்யமாகிவிட, பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்ற பிழையோடு நிரல் நின்றுபோயிற்று. யந்திரம் மெதுவாயிருந்ததால் அல்ல, அளவுக்குமேல் விரைவாயிருந்ததால் நேர்ந்த தோல்வி அது. டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டரில் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொள்ள முடிகிறது என்பது இத்தகைய நிரல்களுக்கு ஒரு வரப்பிரசாதம். அதைவிடப் பெரிய ஆறுதல், ஃபாக்ஸ்புரோவின் தகவல் கோப்புகள் எளிய, பலரும் அறிந்த அமைப்பு உடையவை. லிப்ரேஆஃபிஸ் போன்ற இலவச மென்பொருளாலேயே இன்றும் அவற்றைத் திறந்துவிடலாம். நிரல் இறந்தாலும் கணக்கு இறப்பதில்லை.

கணக்கு மென்பொருளான டாலியின் சரித்திரம் இதற்கு இன்னொரு நல்ல உதாரணம். 1986இல் பெங்களூரில் தொடங்கிய அந்நிறுவனம், டாஸில் ஓடிய 4.5 பதிப்பிலிருந்து விண்டோஸுக்கு மாறி, 7.2, 9, இஆர்பி 9 என்று வளர்ந்து, 2020இல் டாலிபிரைம் ஆயிற்று. அமைப்பு மாறியபோது பழைய தகவலைப் புதியதாக மாற்றும் கருவியையும் கொடுத்தது. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோது, உள்ளூர் நிரல்களை நம்பியிருந்த வியாபாரிகள் பலர் அவற்றை விட்டு இவ்வகை மென்பொருளுக்கு மாறினார்கள். நடப்பு வியாபாரம் மாறிவிட்டது. பழைய வருஷங்களின் பேரேடு மட்டும் பழைய நிரலுக்குள்ளேயே தங்கிவிட்டது. வழக்கோ பாகப்பிரிவினையோ வரும்போது அது வேண்டியிருக்கும். யூஎஸ்பி பிரிண்டர் மட்டுமே உள்ள இடத்தில் டாஸ் நிரலின் அறிக்கையை அச்சிட வேண்டுமானால், பிரிண்டரைப் பகிர்வுக்கு விட்டு, அதற்கு எல்பிடி1 என்ற பழைய பெயரை ஒரு கட்டளையால் சூட்டிவிடும் உபாயத்தை அனுபவமுள்ள ரிப்பேர்க்காரர்கள் அறிவார்கள்.

ஆயினும் இந்தப் பிரச்சினை மிகவும் உக்கிரமாகத் தாக்கியிருப்பது தமிழ் அச்சுத் தொழிலைத்தான். அம்மன் கோவில் கொடை நோட்டீஸ், கலியாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, பள்ளியின் ஆண்டு மலர், தலபுராணத்தின் மலிவுப் பதிப்பு, உள்ளூர்ப் புலவரின் கவிதைத் தொகுதி என்று நம் சிறு நகரங்களின் அச்சகங்கள் இருபது வருஷங்களுக்கு மேலாகக் கோத்த பக்கங்களில் பெரும்பகுதி பேஜ்மேக்கரில் கோக்கப்பட்டவை. ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட அந்த மென்பொருள் 1994இல் அடோபியின் கைக்கு வந்து, 2001இல் வெளியான 7.0 பதிப்போடு நின்றுபோயிற்று. அடோபி தன் கவனத்தை இன்டிசைன் என்ற வேறொரு பக்கக்கோப்பு மென்பொருளுக்குத் திருப்பிவிட்டது. உலகத்தின் மற்ற அச்சகங்கள் இன்டிசைனுக்குப் போய்விட, தமிழ் அச்சகங்கள் மட்டும் பேஜ்மேக்கரையே பிடித்துக்கொண்டிருந்தன என்று குறை சொல்வோர் உண்டு. அது சரியான குற்றச்சாட்டு அல்ல. தமிழ் உட்பட இந்திய எழுத்துகளை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுத்தரமான யூனிகோடு முறையில் செவ்வனே கோக்கும் ஆதரவு 2012இல் வந்த இன்டிசைன் சி.எஸ்.6 பதிப்பில்தான் முறையாகக் கிடைத்தது. இடைப்பட்ட 11 வருஷங்களும் தமிழ் அச்சுக்கோப்பாளருக்குப் போவதற்கு இடமில்லை. ஆகவே இருந்த இடத்திலேயே இருந்தார்.

அக்காலத் தமிழ் எழுத்துருக்களின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொன்னாலொழிய இந்தக் கஷ்டத்தின் ஆழம் விளங்காது. கணினி ஓர் எழுத்தை எண்ணாகவே அறியும். 8 பிட் முறையில் மொத்தம் 256 இடங்களே உண்டு, அவற்றில் பாதி ஆங்கிலத்துக்கும் குறியீடுகளுக்கும் போய்விடும். தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்து, கணினியைப் பொறுத்தவரையில் ஆங்கிலமாகவும் கண்ணைப் பொறுத்தவரையில் தமிழாகவும் தோன்றும்படி ஏற்பாடு செய்தார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பரவிய பாமினி எழுத்துருவில், ஆங்கில எம் எழுத்தின் இடத்தில் இருப்பது அகரம். தமிழ்நாட்டில் ஸ்ரீலிபி, இளங்கோ, வானவில் முதலியவை ஒவ்வொன்றும் தனித்தனி ஒதுக்கீட்டை வைத்துக்கொண்டன. எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால், அல்லது வேறொன்று அதன் இடத்தில் வந்துவிட்டால், பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாகிவிடும். தமிழ் பேசும் கணினி உபயோகஸ்தர் அனைவரும் ஒரு முறையாவது அந்தக் குவியலைப் பார்த்திருப்பார்கள்.

இந்த ஏற்பாடு புதிய இயங்குதளத்தில் நுட்பமான விதங்களிலும் சிதைகிறது. 160ஆம் இடம் பிரியாத இடைவெளிக்கும், 173ஆம் இடம் வரி முடிவில் மட்டும் தோன்றும் சிறு கோட்டுக்கும் உரியவை. பழைய மென்பொருள்கள் இதைப் பொருட்படுத்தாமல் அங்கே வரைந்துவைத்த தமிழ் எழுத்தை அப்படியே காட்டின. புதிய மென்பொருள்கள் விதியைக் கண்டிப்பாக அனுசரிக்கிறபடியால், அவ்விடங்களில் அமைந்த எழுத்து மட்டும் பக்கத்திலிருந்து மறைந்துவிடும். பிழை திருத்துவோர் கண்ணுக்கும் தப்பிவிடக்கூடிய சிதைவு இது. இன்னொன்று வரிசை பற்றியது. பழைய முறையில் "கொ" என்பது, கண்ணுக்குத் தோன்றும் வரிசைப்படி ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்றாகப் பதிவாகும். யூனிகோடிலோ ககரம் முதலிலும் ஒகரக் குறி பின்னும் வரவேண்டும். ஆகவே மாற்றுவதென்பது எண்ணுக்கு எண் வைப்பதோடு முடியாமல், வரிசையை அறிந்து திருப்பிக் கோக்கும் காரியமாகிறது. ஒரே பத்தியில் நடுவே வந்த ஆங்கிலச் சொற்களையும் மாற்றுநிரல் தமிழாக எண்ணி உருக்குலைத்துவிடும் அபாயமும் இதில் உண்டு.

போதாக்குறைக்கு டாங்கிள். தமிழ் அச்சுக்கோப்பு மென்பொருள்கள் சிலவற்றை விற்றவர்கள், திருட்டுப் பிரதியைத் தடுக்க, பிரிண்டர் துளையில் செருகும் ஒரு சிறு பூட்டைக் கொடுத்தார்கள். அந்தத் துளை இன்றைய கணினிகளில் பெரும்பாலும் கிடையாது. டாஸ் காலத்தில் சி-டாக் ஸ்தாபனத்தின் ஜிஸ்ட் அட்டையைக் கணினிக்குள் செருகித் தமிழைத் திரையில் கண்டவர்களுக்கும் இதே கதி. அந்த அட்டைக்குரிய இடம் மதர்போர்டிலிருந்தே போய்விட்டது. மென்பொருளை எமுலேட்டரில் ஓட்டலாம், பூட்டை ஓட்ட முடியாது.

மேலும், பேஜ்மேக்கர் பக்கங்களைத் திறக்கும் வசதி இன்டிசைனில் சி.எஸ்.6 வரையில்தான் இருந்தது. அதற்குப் பிந்திய பதிப்புகள் அவற்றை ஏற்பதில்லை. யூனிகோடு தமிழை முறையாகக் கோத்த முதற் பதிப்பும், பேஜ்மேக்கர் பக்கத்தைத் திறந்த கடைசிப் பதிப்பும் ஒன்றேயாக அமைந்தது எவ்வளவு குறுகலான பாலம் என்பதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பதிப்பும் இப்போது விற்பனையில் இல்லை. பேஜ்மேக்கர் 32 பிட் நிரலாதலால் புதிய விண்டோஸிலும் பல சமயம் ஓடிவிடுகிறது. அச்சுக்கும் பிடிஎஃப்புக்கும் போகும்போதே தகராறு தொடங்குகிறது. ஆகவே வர்ச்சுவல் மெஷினுக்குள் பழைய விண்டோஸ், அதற்குள் பேஜ்மேக்கர், அதற்குரிய எழுத்துருக்கள் என்று முழுமையாக அமைத்து வைத்துக்கொள்வதே இன்றைக்கு நம்பத்தக்க மார்க்கம்.

அரசாங்கம் இவ்விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக டாம், டாப் என்ற பொது ஒதுக்கீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் ஏற்பட்டன. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், யூனிகோடையும் டேஸ் 16 என்ற 16 பிட் முறையையும் தரமாக ஏற்கும் அரசாணை வந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்களை இலவசமாக வழங்கியது. இனி எழுதப்படுவதற்கு இவை வழிசெய்தன. முன்பே எழுதப்பட்டுக் கிடப்பதை மாற்றும் பொறுப்பு தனிமனிதர் தலையிலேயே விழுந்தது. அப்பொறுப்பை முன்மாதிரியாக நிறைவேற்றியது மதுரைத் திட்டம். சுவிட்ஸர்லாந்தில் வசிக்கும் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தப் பணியில், தொண்டர்கள் தட்டச்சு செய்த இலக்கியங்கள் முதலில் டிஸ்கி போன்ற பழைய 8 பிட் முறைகளிலும், பின்னர் யூனிகோடிலும் வெளியிடப்பட்டன. எழுதிய மென்பொருள்கள் மறைந்துபோன பின்னும் அந்த நூல்கள் இன்று எந்தக் கைபேசியிலும் படிக்கக் கிடைப்பதற்கு, உரிய காலத்தில் அவற்றை மாற்றிவைத்ததே காரணம்.

இப்படி மாற்றுவது சட்டப்படி சரிதானா என்று தயங்குவோர்க்கு ஒன்று சொல்லவேண்டும். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாக வாங்கிய நிரலை அது எதற்காக வழங்கப்பட்டதோ அதற்காக உபயோகிக்கும் பொருட்டும், அழிவிலிருந்து காப்பதற்காகவும் பிரதியெடுக்க அனுமதிக்கிறது. வேறு நிரலோடு இணைந்து வேலை செய்வதற்கு அத்தியாவசியமான விவரம் எளிதில் கிடைக்காதபோது, அதை ஆராய்ந்தறிவதையும் குற்றமாகக் கருதுவதில்லை. மாற்றுநிரல் எழுதும் இளைஞருக்கு இது போதிய ஆதரவு.

இத்தனை தொல்லையும் பிரவுசர் வழி மென்பொருளில் இல்லையே என்று மத்தளம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு பதில் வரலாம். அதில் பெரும் உண்மை இருக்கிறது. பழைய பதிப்பு என்ற ஒன்றே உபயோகஸ்தரிடம் இல்லாதபடியால், எந்த இயங்குதளம் வந்தாலும் போனாலும் அவருக்குக் கவலை இல்லை. ஆனால் இணையமும் இந்த விதிக்கு முற்றும் விலக்கல்ல. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி ஃப்ளாஷ் முடிவுற்றபோது, அதில் அமைந்த பாடங்களும் விளையாட்டுகளும் ஊமையாயின; ரஃபிள் என்ற எமுலேட்டரைக் கொண்டுதான் அவற்றில் ஒரு பகுதியை மீட்க முடிகிறது. 2022 ஜூன் 15ஆம் தேதி இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஓய்வு பெற்றபோது, அதை நம்பிக் கட்டிய தளங்களுக்காக எட்ஜ் பிரவுசருக்குள்ளேயே பழைய பிரவுசரைப் பாவனை செய்யும் வசதியைத் தொடர வேண்டியிருந்தது. பிரவுசர் வழி மென்பொருளை நடத்தும் நிறுவனம் அதை நிறுத்திவிட்டால், வர்ச்சுவல் மெஷினில் போட்டு ஓட்டுவதற்கு உபயோகஸ்தர் கையில் ஒன்றுமே இராது. ஆகவே தகவல் முழுவதையும் பொது அமைப்பில் வெளியே எடுத்துக்கொள்ளும் உரிமை இங்கே மும்மடங்கு முக்கியம்.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பதினைந்தாம் நூற்றாண்டிலேயே, தன் திருப்பணிக்குப் பிற்காலத்தில் பழுது நேர்ந்தால் அதை நீக்கிக் காப்பவர்களை இப்போதே பணிவதாகக் கல்வெட்டில் பாடிவைத்தான். சிதைந்து நின்ற ராஜகோபுரம் 1990இல் மறுபடி எழும்பி நிற்கிறது. தன் படைப்பு தனக்குப்பின் பிறர் கையில் பழுதுபார்க்கப்படும் என்று முன்கூட்டி நினைத்த கர்த்தா அவன். மென்பொருள் நிறுவனங்களிடம் இந்த நினைவு வேண்டும். ஒரு மென்பொருளைக் கைவிடும்போது, அதன் கோப்பு அமைப்பை வெளியிட்டு, எழுத்துரு ஒதுக்கீட்டு அட்டவணையைப் பகிரங்கப்படுத்தி, பூட்டைத் திறந்துவிட்டுப் போக வேண்டும். இதற்கு ஆகும் செலவு சொற்பம். அரசாங்கம் தான் வாங்கும் மென்பொருளின் ஒப்பந்தத்திலேயே இந்த நிபந்தனையைச் சேர்த்துவிட்டால் மற்றவர்களும் பின்பற்றுவார்கள்.

அதுவரை காத்திருக்க நேரமில்லாதவர்கள் அச்சக உரிமையாளர்களும், ஆண்டு மலர் வெளியிட்ட பள்ளிகளும், தலவரலாறு அச்சிட்ட கோயில் நிர்வாகிகளும்தான். பழைய கணினியை எடைக்குப் போடுமுன் அதன் ஹார்ட் டிஸ்கை முழுமையாகப் பிரதியெடுங்கள். பக்கங்களோடு அவற்றுக்குரிய எழுத்துருக்களையும் சேர்த்து வையுங்கள், ஏனெனில் எழுத்துரு இல்லாத பக்கம் படிக்கத்தகாதது. ஒவ்வொன்றையும் பிடிஎஃப்பாகவும், வாசகத்தை யூனிகோடாகவும் மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை பாருங்கள். கணினி அறிந்த கல்லூரி மாணவர்களே, விடுமுறையில் உங்கள் ஊர் அச்சகத்துக்குச் சென்று இந்தக் காரியத்தில் அவர்களுக்குத் துணை நில்லுங்கள். அடுத்த சாரல் காலத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.